சந்தாவை ரத்து செய்ய ‘லிங்க்’ வருகிறதா? தொட வேண்டாம்!

பத்தாங் காலி: “உங்கள் சந்தா புதுப்பிக்கப்பட்டது. 99 வெள்ளி கழிக்கப்படும். ரத்து செய்ய இந்த இணைப்பை அழுத்தவும்.” இப்படியொரு குறுஞ்செய்தி வந்தால், நாள் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எவருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். மோசடிக் கும்பல் நம்பியிருப்பதும் அந்தப் பதற்றத்தைத்தான். செய்தி வந்ததால் பணம் போவதில்லை. ரத்து செய்வதாக நினைத்து வங்கி அட்டை எண்ணையும் டிஏசி எண்ணையும் கொடுக்கும்போதுதான் போகிறது.

போலியைக் கண்டறிவது எப்படி?

இணைப்பு உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. 2023 மே 2 முதல் இது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வணிக நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளிலும் இணைப்புக்குத் தடை உள்ளது. ஆகவே, எந்த நிறுவனத்தின் பெயரில் வந்தாலும், இணைப்போடு வரும் சந்தா செய்தியைப் போலி என்றே கருத வேண்டும்.

தடை இருந்தும் ஏன் வருகிறது?

கும்பல்கள் போலி அலைபரப்புக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு சுற்றுவதுண்டு. பக்கத்திலுள்ள கைப்பேசிகள் அதை உண்மையான கோபுரம் என்று எண்ணி இணைந்துவிடும். செய்தி தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வழியாக வராததால் தடையில் சிக்குவதில்லை. அனுப்புநர் பெயரையும் விருப்பம்போல் போட முடியும். வாட்ஸ்அப்பில் வருவதற்கோ இந்தத் தடை பொருந்தாது.

உண்மையாகவே சந்தா இருந்தால்?

கட்டணக் குறுஞ்செய்திச் சேவைகள் ஐந்து இலக்கக் குறுகிய எண்ணிலிருந்து வரும். செய்தியின் தொடக்கத்திலேயே கட்டணம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்கே ஆங்கிலத்தில் ‘ஸ்டாப் ஆல்’ என்று அனுப்பினால் சந்தா நின்றுவிடும். சாதாரணக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருந்தால் பதில் அனுப்பவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து பில்லையோ பிரிபெய்ட் பாக்கியையோ பாருங்கள்; கடைக்கு நேரில் சென்றும் கேட்கலாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டால்?

• உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி உதவி மையத்தை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இம்மையம் போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்பு ஆணையம் ஆகியவற்றை இணைத்துச் செயல்படுகிறது.
• வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பல வங்கிச் செயலிகளில் ‘கில் சுவிட்ச்’ வசதி உள்ளது. அதைக் கொண்டு நீங்களே முடக்கலாம்.
• செய்தியை அழிக்காமல் படம் பிடித்து வைத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

பறித்த பணத்தைக் கும்பல் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு வேகமாக மாற்றிவிடும். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்வரை காத்திருந்தால், அதை முடக்கும் வாய்ப்பு குறைந்துவிடும்.

உலு சிலாங்கூர், கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களில் பெற்றோரின் கைப்பேசியில் வங்கிச் செயலியைப் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள்தாம். “லிங்க் வந்தால் தொடாதீங்கம்மா, முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க” என்று அவர்கள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது சொல்லி வைப்பது நல்லது. 997 என்ற எண்ணையும் அந்தக் கைப்பேசியிலேயே பதிந்து கொடுக்கலாம்.