சிறுவர் திரையில் எவர் குரல்?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் தேற்றாத்தீவில் தாய் தன் பிள்ளையை 'மனே' என்றழைக்கிறாள். 'மறுகா' என்று சொல்லிக் கதையைத் தொடர்கிறாள். அதே வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி அப்பிள்ளையோடு பேசுவதோ சென்னையில் ஒலிப்பதிவான தமிழ். இந்நிலை தானாக வந்ததன்று.

1960களில் இலங்கை வானொலியின் 'சிறுவர் மலர்' நிகழ்ச்சியை வானொலி மாமா சரவணமுத்து நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற பி. எச். அப்துல் ஹமீத் சிறுவனாக நுழைந்த வாயில் அதுவே. குழந்தைகள் அங்கே கேட்போராக மட்டும் இருக்கவில்லை; பேசினர், நடித்தனர். ஆயினும் கலையகம் இருந்தது கொழும்பில். மட்டக்களப்பு உழவனின் பிள்ளைக்கு அது எட்டாத தூரம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1979இல் தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது. 1982இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கிற்று. அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்னும் திரைக்கலைஞர் அயல்நாட்டுக் கேலிச்சித்திரப் படங்களுக்குச் சிங்களக் குரல் கொடுப்பித்தார். வெறும் மொழிபெயர்ப்பன்று அது; சிங்களப் பேச்சின் நையாண்டியெல்லாம் அப்படங்களுக்குள் குடியேறியது. அதனை நாம் பொறாமையின்றிப் பாராட்டுகின்றோம். தமிழ்ச் சிறுவருக்கு ஒரு தொட்டவத்த வாய்க்கவில்லை. மறு ஆண்டு 1983. அதன்பின் வந்தது யுத்தம்.

சிறுவர்க்கென்றே அமைந்த முதல் தமிழ் அலைவரிசையான சுட்டி தொலைக்காட்சியைச் சன் குழுமம் 2007 ஏப்ரலில் சென்னையிலிருந்து தொடங்கியது. அம்மாதங்களில்தான் வாவியின் மேற்கே படுவான்கரை போர்க்களமாகி, மட்டக்களப்பு மாவட்டத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். புத்தகம் சுமக்க வேண்டிய தோள்களில் துப்பாக்கி ஏற்றப்பட்ட காலமும் அதுவே. 2009இல் யுத்தம் முடிந்தபின், செய்மதித் தட்டுகள் வழியே சுட்டி நம் கூரைகளில் இறங்கிற்று.

அதன் செல்லப்பிள்ளை டோரா. 2000இல் அமெரிக்காவில் தோன்றிய அந்நிகழ்ச்சி, ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தது. தாழ்வாக மதிக்கப்பட்ட குடியேறிகளின் மொழிக்கு ஒரு கௌரவம் தேடித் தந்தது. தமிழுக்கு வந்ததும் ஸ்பானியம் போய் ஆங்கிலம் அமர்ந்தது! சிறுபான்மையோர் மொழியைக் கற்பிக்க எழுந்த நிகழ்ச்சி, ஆள்வோர் மொழிக்கு அரிச்சுவடியாயிற்று. டோராவோடு சேர்ந்து குள்ளநரியை விரட்டும் பிள்ளையை நாம் கடிந்துகொள்ளவில்லை. அதன் குதூகலம் உண்மையானது. நாம் வினவுவது முதலாளியின் கணக்கை. புதுப் படம் ஆக்குவதினும் வந்த படத்துக்குக் குரலேற்றுவது மலிவு. விளம்பரம் கொடுப்போனுக்கு இரண்டும் ஒன்றே. 2009இல் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும், 2011இல் மலையாளத்துக்கும் இக்குழுமம் சிறுவர் அலைவரிசைகளைத் தொடங்கிற்று.

1954இல் அமைந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார், இத்தீவின் மக்கள் பேச்சு இலக்கியத்தில் ஏற வேண்டுமென்று பண்டிதர்களோடு பொருதனர். மண்வாசனை எனும் அக்குரல் சிறுகதையில் வென்றது. சிறுவர் திரையில் அப்போர் தொடங்கவே இல்லை. பொருளில்லாமலா? மட்டக்களப்பில் வசந்தன் கூத்து ஆடுவோர் சிறுவர்களே. கோல் தட்டி, வட்டமிட்டு, பாடி ஆடுகின்றனர். மௌனகுரு எழுதிய 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களும் நம்மிடமுண்டு.

நேத்ரா, வசந்தம் ஆகிய தமிழ் அலைவரிசைகள் அரசின் வசம் உள்ளவை. மக்கள் வரிப்பணத்தில் அவற்றுக்குப் பங்குண்டு. வாரம் அரைமணி நேரம், ஒலிவாங்கியும் படக்கருவியும் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் வரட்டும். தேற்றாத்தீவுப் பிள்ளை 'மறுகா' என்று சொல்வதை நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளையும் கேட்கட்டும். ஆசிரியர் சங்கங்கள் இதனை எழுத்தில் கேட்க வேண்டும்.