விற்றபின் வினவுதல்

வாணிக வரலாற்றை எழுதியோர் கப்பல்களையும் துறைமுகங்களையும் பண்டங்களையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் பண்டம் கைமாறி, பணம் பெட்டிக்குள் சென்ற பின்னர், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பது பற்றி அவர்கள் எழுதியது குறைவே. விற்று முடித்தவர் வாங்கியவரை மீண்டும் நாடிச் செல்வது எதன் பொருட்டு? நலம் வினவவா, பாக்கியைப் பெறவா, மேலும் விற்கவா? இவ்வினா என்னைப் பற்றிக்கொண்டதற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம்.

என்னிடம் தொடக்கப்பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி இன்று தன் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தின் வழி விற்று வருகிறாள். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் என் இல்லத்திற்கு வந்து, ஒரு தாளை நீட்டினாள். "ஐயா, வாங்கினவங்களுக்கு அனுப்புற கடிதம். தமிழ் சரியா இருக்கான்னு பாருங்க" என்றாள். ஐந்தே வரிகள். முதல் வரியில் நன்றி. இறுதி வரியில், ஐந்து விண்மீன்களும் தந்து பத்து நண்பர்களுக்கும் சொல்லும்படி ஒரு வேண்டுகோள். இடையில், பண்டம் நல்ல முறையில் வந்து சேர்ந்தது என நம்புவதாக ஒரு வரி. இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன். அதற்கு மேல் என் பேனா ஓடவில்லை. பிழை இலக்கணத்தில் இல்லை என்று தோன்றியது. "ஒரு வாரம் கழித்து வா, அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, பழைய நூல்களைப் புரட்டலானேன்.

விற்றபின் வினவும் வழக்கத்தை ஒரு முறையாகவே வளர்த்தவர்களைத் தேடின், சப்பான் நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள தொயாமா என்னும் ஊரின் மருந்து வணிகர்களிடம் சென்று சேர்வோம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியை ஆண்ட மாயேதா மசதோஷி என்னும் சிற்றரசர், 1690-ஆம் ஆண்டு எடோ நகரக் கோட்டையில் வயிற்றுவலியால் துடித்த மற்றொரு சிற்றரசருக்கு ஹங்கோந்தான் என்னும் மாத்திரையைக் கொடுத்துக் குணப்படுத்தினார் என்றும், அதனைக் கண்ட பிற சிற்றரசர்கள் தத்தம் நாடுகளுக்கும் அம்மருந்தை அனுப்புமாறு வேண்டினர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். அதன் பின் எழுந்த வாணிக முறையே நமக்கு வேண்டுவது.

தொயாமா வணிகர் மருந்தைக் கொண்டுபோய் விற்றாரல்லர், வைத்துவிட்டு வந்தார். முதுகில் அடுக்குப் பெட்டிகளைச் சுமந்து ஊர் ஊராக நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் வயிற்றுவலிக்கும் சளிக்கும் காய்ச்சலுக்குமான மருந்துகள் அடங்கிய ஒரு பெட்டியை ஒப்படைத்தார். அப்போது ஒரு காசும் பெறவில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் அதே வீட்டிற்கு வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். பயன்படுத்தப்பட்ட மருந்துக்கு மட்டும் பணம் பெற்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். 'சென்யோ கோரி' என அவர்கள் அதனை அழைத்தனர். முதலில் பயன், பின்னர் ஆதாயம் என்பது அதன் பொருள். பிள்ளைகளுக்குக் காகிதப் பந்தும், பெரியோருக்கு வண்ணம் தீட்டிய மர அச்சுப் படமும் அன்பளிப்பாகக் கிடைத்தன. செய்தித்தாள் எட்டாத சிற்றூர்களில், அயலூர்ச் செய்திகளைக் கொண்டுவந்தவரும் அம்மருந்துக்காரரே.

இம்முறையில் விற்பனைக்கும் விற்பனைக்குப் பிந்திய வருகைக்கும் வேறுபாடே இல்லை என்பதை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். வணிகரின் ஆதாயம் இரண்டாம் வருகையில்தான் இருந்தது. மருந்து பலிக்காவிடில் அடுத்த முறை அப்பெட்டி தொடப்படாமலே கிடக்கும். எனவே "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அவர் வினவியது வெறும் உபசாரமன்று; அவருடைய பிழைப்பே அவ்வினாவில் அடங்கியிருந்தது.

அவர் கையில் 'கக்கேபாச்சோ' என்னும் ஏடு ஒன்று இருந்தது. வாடிக்கையாளரின் பெயர், ஊர், குடும்பத்தினர் விவரம், வைத்த மருந்துகள், செலவான மருந்துகள், பெற்ற பணம் ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டன. எந்த வீட்டில் எம்மருந்து விரைந்து தீர்கிறது என்பதை அவ்வேடு சொன்னது. ஆகவே அவ்வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பதும் அதனை வாசிக்கத் தெரிந்தவருக்கு விளங்கும். இன்னொரு செய்தியும் உண்டு. அவ்வேடே விலைபோயிற்று! முதுமையால் நடக்க முடியாத வணிகர் தம் ஏட்டை மற்றொருவருக்கு விற்கலாம், அடகும் வைக்கலாம். மனிதர்களைப் பற்றிய குறிப்புகள் மருந்தைவிட விலையுயர்ந்த சரக்காயின. இன்று நம் கைப்பேசி எண்களும் பிறந்த நாள்களும் விற்கப்படுவது கண்டு நாம் வியக்கிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஏட்டை நினைத்தால் அவ்வியப்பு சற்றுத் தணியும், அச்சம் தணியாது.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் இதற்கு ஓர் எளிய வடிவம் இருந்தது. எழுபதுகளில், சம்பளம் போட்ட மறுநாள் சைக்கிளில் துணி மூட்டையுடன் ஒருவர் லயங்களுக்கு வருவார். திண்ணையில் அமர்ந்து, போன மாதம் கொடுத்த சேலையின் சாயம் போயிற்றா, பையனின் சட்டை அளவு சரிதானா என்று என் தாயாரிடம் கேட்பார். அவர் எங்கள்பால் கொண்ட அன்பு பெரிது என்று நான் எண்ணியிருந்தேன். அவர் தவணைப் பணத்திற்காகவே வந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. தெரிந்த பின்னரும் அந்த அன்பு பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை. பாக்கி இருந்தது, ஆகவே வந்தார். வந்துகொண்டே இருந்தமையால் எங்களை அறிந்தார்.

ஆனால் முழுப் பணத்தையும் முன்னரே பெற்றுக்கொண்டு, வாங்குபவரின் முகத்தையே காணாமல் விற்பவருக்கு மீண்டும் வினவ என்ன கட்டாயம்? இவ்வினா பத்தொன்பதாம் நூற்றாண்டில் அஞ்சல்வழி வாணிகம் தோன்றியபோது எழுந்தது. சிக்காகோ நகரில் ஆரன் மாண்ட்கமரி வார்ட் என்பவர் 1872-இல் 163 பண்டங்களின் விலைப்பட்டியலை ஒரே தாளில் அச்சிட்டு உழவர்களுக்கு அனுப்பினார். இவ்வளவு குறைந்த விலைக்கு யார் விற்பார் என ஐயுற்ற சிக்காகோ டிரிபியூன் இதழ், 1873-இல் அவரை ஏமாற்றுக்காரர் என்றே எழுதிவிட்டுப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றது. பார்க்காத பண்டத்திற்குப் பார்க்காத மனிதரிடம் பணம் அனுப்புவதில் மக்களுக்கு அன்றிருந்த அச்சத்தை இது காட்டும். வார்ட் 1875-இல் ஓர் உறுதிமொழி தந்தார்: மனநிறைவு இல்லையெனில் பணம் திருப்பித் தரப்படும். தொயாமா வணிகர் பணத்தைப் பின்னுக்குத் தள்ளினார். வார்ட் பணத்தை முன்னரே வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும் கடமையைத் தம் தலைமேல் ஏற்றிக்கொண்டார். வழி வேறாயினும் இரண்டும் விற்றவரை வாங்கியவரோடு பிணைக்கும் கயிறுகளே.

இவ்விடத்தில் சியர்ஸ் நிறுவனத்தின் தொடக்கத்தையும் சொல்ல வேண்டும். புகைவண்டி நிலைய அலுவலரான ரிச்சர்டு சியர்ஸ், உள்ளூர்க் கடைக்காரர் ஏற்க மறுத்த கைக்கடிகாரச் சரக்கு ஒன்றை 1886-இல் வாங்கி விற்கத் தொடங்கினார். (கைக்கடிகாரம் என்றேன், அக்காலத்தில் அது சட்டைப்பைக் கடிகாரம்.) விற்றவற்றுள் பழுதானவை திரும்பி வருமன்றோ? பழுதுபார்க்க ஆள் தேவையென 1887-இல் விளம்பரம் செய்தார். வந்து சேர்ந்தவர் ஆல்வா ரோபக். சியர்ஸ் ரோபக் என உலகறிந்த பெயரின் பிற்பாதி, விற்றபின் பழுதுபார்க்க வந்தவரின் பெயரே. சியர்ஸ் மற்றொன்றும் செய்தார். 1905-இல் அயோவா மாநிலத்திலிருந்த தம் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி, நண்பர்களுக்கும் அயலாருக்கும் இருபத்து நான்கு பட்டியல் நூல்களை வழங்குமாறு வேண்டினார். அவற்றின் வழி விற்பனை நடந்தால் அவர்களுக்குப் பரிசு உண்டு. என் மாணவியின் கடிதத்தில் இருந்த 'பத்து நண்பர்கள்' எங்கிருந்து வந்தார்கள் என்பது எனக்கு இப்போது விளங்கிற்று.

இணைய வாணிகத்தின் கதை ஓர் உடைந்த கருவியோடு தொடங்குகிறது. 1995 செப்டம்பரில் பியேர் ஒமிடியார் என்பவர் பின்னாளில் ஈபே எனப் பெயர் பெற்ற ஏலத் தளத்தைத் தொடங்கியபோது, தம்மிடமிருந்த பழுதான லேசர் சுட்டுகோல் ஒன்றை ஏலத்தில் விட்டார். அது 14 டாலர் 83 காசுக்கு விலைபோயிற்று. அவர் வியந்து, அது உடைந்த பொருள் என்பது தெரியுமா என்று வாங்கியவருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார். உடைந்த சுட்டுகோல்களைத் தாம் சேகரிப்பதாக மறுமொழி வந்தது. நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான், எனினும் அந்தத் தளத்தின் முதல் விற்பனையிலேயே விற்றவர் தாமாக முன்வந்து, தமக்குப் பாதகமாக முடியக்கூடிய ஒரு வினாவை எழுப்பினார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

முன்பின் அறியாதோர் ஆயிரக்கணக்கில் கூடியபோது ஒவ்வொருவருக்கும் அவ்வாறு எழுதுதல் இயலாதாயிற்று. 1996 பிப்ரவரியில் ஒமிடியார் ஒரு பொது ஏட்டைத் திறந்தார். விற்றவரும் வாங்கியவரும் ஒருவர்க்கொருவர் புகழ்மொழியோ குறைமொழியோ எழுதலாம், யாரும் படிக்கலாம். தொயாமா ஏட்டில் விற்றவர் வாங்கியவரைப் பற்றி எழுதினார். இங்கு வாங்கியவரும் விற்றவரைப் பற்றி எழுதத் தொடங்கினார். பேனா கைமாறிற்று எனலாம். நற்பெயருக்கு விலையும் உண்டாயிற்று. ரெசுனிக்கு முதலிய அறிஞர் நால்வர், பழைய பட அஞ்சலட்டைகளை விற்கும் ஒருவரின் துணையோடு ஒரு சோதனை செய்து 2006-இல் வெளியிட்டனர். ஒரே தன்மையுடைய அட்டைகளைப் பழகிய பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றபோது, பழகிய பெயருக்கு மக்கள் 8.1 விழுக்காடு மிகுதியாகத் தர முன்வந்தனர்.

விலை உண்டாயின் போலியும் உண்டாகும். 1999-இல் திரட்டிய செய்திகளை ஆராய்ந்தபோது, வாங்கியோர் எழுதியவற்றுள் 99.1 விழுக்காடு புகழ்மொழியாகவே இருந்தது. மாந்தர் அனைவரும் திடீரென நல்லோராகிவிட்டனர் என்று யாரும் நம்பார். நீ என்னைக் குறை சொன்னால் நானும் உன்னைக் குறை சொல்வேன் என்னும் அச்சம் பலரின் வாயை அடைத்தது. அதனால் 2008-இல் ஈபே, விற்பவர் வாங்குபவரைப் பற்றிக் குறை எழுதும் உரிமையை நீக்கியது. அமேசான் நிறுவனம், இலவசப் பண்டம் கொடுத்துப் பாராட்டு எழுதச் செய்யும் வழக்கத்தை 2016-இல் தடுத்தது. போலிப் பாராட்டுகளைத் தடைசெய்யும் அமெரிக்க நடுவணரசின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அடியேனும் இதில் அடிபட்டவனே. ஒரு முறை பள்ளிக்கென இணையத்தில் பயிற்சி நூல்கள் வாங்கினேன். அவற்றுள் ஆறு நூல்களில் பக்கங்கள் விடுபட்டிருந்தன. விற்றவருக்கு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. ஆனால் அதே விற்பனையாளரிடமிருந்து ஐந்து விண்மீன் கேட்டு நாள்தோறும் செய்தி வந்தது. எந்திரம் எழுதுகிறது; எந்திரத்துக்குப் பக்கம் விடுபட்டது எப்படித் தெரியும்? வினவுவதுபோல் தோன்றும் அச்செய்தியில் வினா இல்லை என்பதே என் மனக்குறை. மறுமொழியைக் கேட்கச் செவி இல்லாத இடத்தில் 'எப்படி இருக்கிறது?' என்பது வெறும் ஓசை.

நம் நாட்டுச் சட்டங்கள் இதனை ஓரளவு எண்ணிப் பார்த்துள்ளன. மலேசியாவில் 2013 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்வாணிக நுகர்வோர் விதிகள், விற்பவர் தம் பெயரையும் தொடர்பு விவரங்களையும் வெளியிட வேண்டும் என்றன. அதே ஆண்டு நவம்பரில் செயற்பட்ட தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரத்திற்குத் தம் விவரங்களைப் பயன்படுத்த வேண்டாமென எழுதிக் கொடுக்கும் உரிமையை நமக்குத் தருகிறது. சிங்கப்பூரில் 2014 சனவரி முதல், அழைக்க வேண்டாதோர் பதிவேடு செயற்படுகிறது. முதலாவது சட்டம் விற்றவர் ஓடி ஒளியாதிருக்க. பின்னிரண்டும் அவர் ஓயாது துரத்தாதிருக்க.

குறித்தபடி ஒரு வாரம் கழித்து மாணவி வந்தாள். தொயாமா வணிகர் கதையையும் துணிக்காரர் கதையையும் அவளுக்குச் சொன்னேன். அங்கேயே அமர்ந்து தாளின் மறுபுறத்தில் வேறு கடிதம் எழுதினாள். "முறுக்கு உடையாமல் வந்ததா? உடைந்து போயிருந்தால் சொல்லுங்கள். வேறு அனுப்பி வைக்கிறேன்." கீழே அவளுடைய தொலைபேசி எண். விண்மீன்களும் பத்து நண்பர்களும் காணாமற் போயிருந்தனர். "எல்லாரும் உடைஞ்சிருச்சுன்னு சொன்னா என்ன செய்றது, ஐயா?" என்று சிரித்தாள். அவள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. வீட்டு அடுப்பில் சுடும் முறுக்குக்கு வார்டின் மூலதனம் இல்லை.

பின்னர் கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்துப் பெருமையோடு காட்டினாள். ஈப்போவில் ஒரு பாட்டிக்குப் பல் இல்லை, மெதுவான அதிரசமே வேண்டும். கிள்ளானில் ஒருவருக்கு இனிப்பு நீர், சீனி குறைக்க வேண்டும். ஒரு வீட்டில் அண்மையில் துக்கம், தீபாவளிக்குக் கேட்க வேண்டாம். பேசிப் பேசி அறிந்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தாள். கக்கேபாச்சோ என் கண்முன் கிடந்தது.

"இதையெல்லாம் எழுதி வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. "கேட்கலையே, ஐயா. இனிமே கேட்டுட்டு எழுதுறேன்" என்று ஏட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புதிய கடிதத்தில் ஓர் ஒற்று மட்டும் விடுபட்டிருந்தது. அதனைச் சேர்த்துக் கொடுத்தேன்.