கும்மிடிப்பூண்டிப் பிரதேசத்தில் கொசுவினால் பரவும் வியாதிகள்: சீதோஷ்ணமும் சமூக ஸ்திதியும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நீர் கொண்டு ஓடும் மாதங்களில் திருவள்ளூர் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் டெங்கு நோயாளிகள் பெருகுவதைக் கண்டு, மழையே இவ்வியாதிக்கு மூலகாரணம் என்று முடிவு கட்டிவிடுவது பலருக்கும் வழக்கமாயிருக்கிறது. அந்த அபிப்பிராயம் முழுதும் பிழையன்று. ஆயினும், விசாரணை அதனோடு நின்றுவிடுமாயின், மனிதர் செய்த குற்றத்தை வானத்தின்மேல் சுமத்தியவர்களாவோம்.

நோயாளியின் இரத்தத்தைக் குடித்த ஏடிஸ் கொசு உடனே பிறருக்கு டெங்குவைத் தருவதில்லை. கிருமி அதன் உடலினுள் பெருகி உமிழ்நீரை எட்டுவதற்கு, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 நாட்கள் செல்லும். கொசுவின் ஆயுளோ சில வாரங்களே. ஆதலால் வெப்பம் சற்று ஏறி அந்த அவகாசம் குறையுமாயின், கிருமி முதிரும்வரை உயிர்த்திருக்கும் கொசுக்களின் தொகை மிகுகிறது. பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகளும் நீரின்றியே பல மாதம் கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிகின்றன. சீதோஷ்ணத்தின் பங்கு இவ்வளவு. ஒரே வெயிலும் மழையும் பெறும் இரு தெருக்களில், ஒன்றில் காய்ச்சல் பரவி மற்றொன்றில் பரவாதிருப்பதை இது விளக்காது.

தண்ணீர் வரும் விதத்தைக் கவனித்தால் அது விளங்கும். பூண்டி, சோழவரம், புழல் ஆகிய மூன்று ஏரிகளும் இம்மாவட்டத்தில் இருந்துகொண்டே சென்னைக்கு நீர் வழங்குகின்றன. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கண்டலேறு வழியாகப் பூண்டிக்கு வருகிறது. இவற்றுக்கு அருகே வசிக்கும் ஜனங்களில் பலர், தினமும் குழாயில் நீர் காணாது, லாரி வரும் நாளில் பிளாஸ்டிக் ட்ரம்களிலும் சிமெண்ட் தொட்டிகளிலும் நிரப்பி வைத்துக்கொள்கின்றனர். ஏடிஸ் சாக்கடையை நாடுவதன்று. இவ்வாறு சேமித்த தெளிந்த நீரையே நாடுவது. 1964-இல் சென்னையில் சிக்குன்குனியாவைப் பரப்பியதும் இக்கொசுவே. ஏரிகள் வறண்ட 2019-ஆம் ஆண்டுக் கோடை போன்ற காலங்களில் ட்ரம்கள் பெருகுமேயன்றிக் குறையா. எனவே மழையைப் போலவே மழையின்மையும் இதனை வளர்க்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் சமூக ஸ்திதியின் பங்கு இன்னும் தெளிவாகும். உருக்காலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்க ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வருவோரில் சிலர் மலேரியா நீங்காத ஊர்க்காரர்கள். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. அதனை வேரறுக்க 14 நாட்கள் பிரைமாகுவின் மாத்திரை உட்கொள்ள வேண்டும். வேலைக்குத் திரும்பாவிடில் கூலி இல்லை, ஒப்பந்தக்காரர் வேறு தளத்துக்கு அனுப்பிவிட்டால் மாத்திரை தருவாரும் இல்லை என்ற நிலையில், அச்சிகிச்சையை முடிக்கும் சுதந்திரம் எத்தனை பேருக்கு உண்டு? சென்னையில் மலேரியாவை நெடுங்காலம் நிலைநிறுத்திய அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, கிணறுகளிலும் மூடியற்ற மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்வது. இதற்காக வந்தவர்களைப் பழிப்பது பெரும் அநியாயம்; தொட்டியைத் திறந்து வைத்தவர்கள் அவர்களல்லர்.

புகையடிப்பது பறக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லுமேயன்றி, ட்ரம்மிலுள்ள புழுவைத் தீண்டாது. புழு கண்ட வீட்டாருக்கு அபராதம் விதிப்பதற்கு முன்பு, அவ்வீட்டுக் குழாயில் தினமும் நீர் வரச் செய்வதும், காய்ச்சல் கண்ட தொழிலாளிக்குச் சிகிச்சை முடியும்வரை கூலி கிடைக்கச் செய்வதும் கடமையாகும். கொசு வளரும் இடங்களைச் சீர்செய்யுமாறு உரிமையாளரைப் பணிக்கும் அதிகாரம் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. வீடுகளின் மீது செலுத்தும் அந்த அதிகாரத்தைத் தொழிலாளர் விடுதிகளின் உரிமையாளர்கள் மீதும் செலுத்துமாறு மாவட்ட நிர்வாகத்தை வேண்டிக்கொள்கிறேன்.