பிறர் எழுதிய நிரலை நம்பலாமா?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் அதுவே கடைசி. மேலுள்ள ஏழும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீரை நம்பியே அது இருக்கிறது. கணிப்பொறி நிரல்களும் இவ்வாறே ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன.

இவ்வழக்கம் பழையது. கேம்பிரிட்ஜில் 1949-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறிக்கே துணைநிரல் நூலகம் ஒன்று இருந்தது. துளையிட்ட காகித நாடாவில் இருந்த துணைநிரலைப் படியெடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொண்டனர். பிறகு மூலநாடா தொலைந்தாலும் கவலையில்லை!

இணையம் வந்தபின், வேண்டும்போதெல்லாம் பொதுக் களஞ்சியத்திலிருந்து துணைநிரலைத் தருவிக்கலாயினர். 2016 மார்ச்சில், என்பிஎம் என்னும் களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்பேட்' என்ற 11 வரித் துணைநிரலை அதை எழுதியவரே நீக்கிவிட்டார். சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவதே அதன் வேலை. ஆயினும் அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களை உருவாக்கும் பணி சில மணி நேரம் தடைப்பட்டது.

நாம் என்ன செய்யலாம்? கால்வாய் நீரைக் குளத்தில் தேக்குவதுபோல், முக்கியமான துணைநிரலின் நகலை உங்களிடமே வைத்திருங்கள். எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துவையுங்கள். சிறியதாயின் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பழைய நகலுக்குப் பிழைதிருத்தங்கள் தாமாக வந்துசேரா. குளத்தைத் தூர்வாருவதுபோல் நகலையும் அவ்வப்போது புதுப்பிக்கத்தான் வேண்டும்.