தூண்டில் முள்: சுண்டணுமா, சும்மா இருக்கணுமா?

பாஸ்னதும் அப்ரைசல் போடுறவரை நினைச்சுக்காதீங்க மக்களே. இது அமெரிக்க ஏரிகள்ல இருக்கிற லார்ஜ்மவுத் பாஸ்ங்கிற மீன். நம்ம விரால் மாதிரி செடி கொடிக்குள்ள பதுங்கி இருந்து பாய்ஞ்சு பிடிக்கிற ஜாதி. வாய் ரொம்பப் பெரிசு. (அப்படிப் பார்த்தா ரெண்டு பாஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை :-))

மீன் கடிச்சதும் பலமா சுண்டி இழுத்து முள்ளை ஏத்தணுமா, இல்ல சும்மா இருந்தாலே ஏறிடுமா? பதில் கையில இல்லீங்க, முள்ளோட வடிவத்துல இருக்கு. அதுக்கு கொஞ்சம் சரித்திரம் பார்க்கணும்.

வளைஞ்ச முள் இல்லாம மீன் பிடிச்ச ஆதிகால முறை ஒண்ணு உண்டு. ரெண்டு முனையும் கூரான எலும்புத் துண்டு, நடுவுல கயிறு. மீன் விழுங்கினதும் இழுத்தா, குறுக்கே திரும்பி தொண்டையில மாட்டிக்கும். வளைஞ்ச முள்ளும் புதுசு இல்லை. ஜப்பானின் ஒகினாவாவுல ஒரு குகையில, கடல் நத்தை ஓட்டைத் தேய்ச்சு செஞ்ச முள் கிடைச்சதா 2016ல அறிவிச்சாங்க. வயசு சுமார் 23,000 வருஷம்! பசிபிக் தீவுக்காரங்க செஞ்ச முட்கள் பலதுல முனை உள்பக்கமா திரும்பி இருக்கும். மீன் திரும்பி நீந்தும்போது அதுவே வாயோரத்துல மாட்டிக்கும். மனுஷன் சுண்டவே வேண்டாம்.

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டது ஒரு பிளாஸ்டிக் புழு. 1949ல ஒஹையோ மாநிலம் அக்ரான்ல நிக் க்ரீம்ங்கிறவர் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். டெக்ஸாஸ் அணைகள்லயோ தண்ணிக்குள்ள மூழ்கின மரங்கள் ஏராளம். முள் முனை வெளிய தெரிஞ்சா கிளையில சிக்கிடும். அதனால முனையைப் புழுவுக்குள்ளயே ஒளிச்சு வச்சாங்க. அதுதான் 'டெக்ஸாஸ் ரிக்'.

ஒளிச்ச முனை முதல்ல பிளாஸ்டிக்கைக் கிழிக்கணும், அப்புறம் தாடையில ஏறணும். நைலான் நரம்பு வேற ரப்பர் மாதிரி நீளும். அதனால தொய்வை ரீல்ல சுத்தி எடுத்துட்டு, கம்பைத் தாழ்த்தி, ஒரே வீச்சில மேல சுண்டணும். முள்ளும் அதுக்கேத்த மாதிரி தடிச்ச கம்பியா இருக்கணும். மெல்லிசு சுலபமா ஏறும், ஆனா வளைஞ்சிடும். முள்ளோட வாய் அகலமும் முக்கியம். புழு சுருண்டு அந்த இடத்தை அடைச்சுட்டா தாடைக்கு இடம் ஏது? சைஸ் நம்பர் தனி கூத்து. 6ஐ விட 1 பெரிசு, அதை விட 1/0 பெரிசு, அதை விட 2/0 பெரிசு. எந்தப் புண்ணியவான் போட்ட வெர்ஷன் நம்பரோ!

நீளவே நீளாத பின்னல் நரம்பு வந்தப்புறம் அதே பலத்துல சுண்டினா வாயே கிழியும். ஒண்ணை அப்கிரேட் பண்ணா இன்னொண்ணு உடையும்னு நமக்குத் தெரியாததா?

இதுல மீனோட உயிரும் இருக்கு. 1968ல பாஸ் பிடிக்கிறவங்களுக்கு சங்கம் ஆரம்பிச்ச ரே ஸ்காட், 1972ல பிடிச்ச மீனைக் கொல்லாதீங்கன்னு இயக்கமே தொடங்கினார். தண்ணியில திரும்ப விடுற மீனுக்கு முள் உதட்டுல மாட்டியிருந்தா பிழைக்கும். வயித்துல இறங்கியிருந்தா பிழைக்கிறது கஷ்டம். அதனால என் ஓட்டு: பிளாஸ்டிக் புழுன்னா உடனே சுண்டு, விழுங்க விடாதே. உயிர் இரைன்னா முனை உள்ள திரும்பின வட்ட முள்ளைப் போட்டு, சுண்டாம ரீலை மட்டும் நிதானமா சுத்து.

அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில ஸ்ட்ரைப்டு பாஸ்னு ஒண்ணு இருக்கு. பேருதான் பாஸ், குடும்பம் வேற. அதை இரை வச்சுப் பிடிக்கிறவங்களுக்கு 2021 ஜனவரி 1லிருந்து வட்ட முள்ளைக் கட்டாயமாவே ஆக்கிட்டாங்க.