சிறு புரோலாக்டினோமாவும் கர்ப்பமும்

பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் சுரக்கும் செல்கள் பெருகி உண்டாகும், 10 மில்லிமீட்டருக்கும் குறைவான கட்டியே சிறு புரோலாக்டினோமா. இது புற்றுநோய் அன்று. மிகுதியாகச் சுரக்கும் புரோலாக்டின் கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கிறது. மாதவிடாய் நின்றுபோகிறது, பிள்ளை பெறாத நிலையிலும் சிலருக்கு மார்பில் பால் கசிகிறது. கேபர்கோலின், புரோமோகிரிப்டின் மாத்திரைகள் பெரும்பாலோருக்கு இத்தடையை நீக்கிவிடுகின்றன. நின்ற மாதவிடாய் திரும்புவதற்கு முன்பே சிலர் கருவுற்றுவிடுவதும் உண்டு.

கருவுற்றபின் இக்கட்டிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் விழிப்புதான், சிகிச்சை அன்று. கர்ப்பம் உறுதியானதும் மாத்திரையை நிறுத்தும்படியும், புரோலாக்டின் பரிசோதனையையும் வழக்கமான எம்.ஆர்.ஐ. ஸ்கேனையும் தவிர்க்கும்படியும் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கட்டி இருப்பது தெரிந்தும் மருந்தை நிறுத்துவதா என்று குடும்பத்தார் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் பெருகுவதால் கர்ப்பத்தில் நலமான பிட்யூட்டரியே பருக்கிறது, கட்டியும் பருக்கலாம். ஆனால் சிறு கட்டி வளர்ந்து தொல்லை தருவது 100 பேரில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்குத்தான். அறுவை சிகிச்சை செய்யப்படாத பெரிய கட்டிகளில் இது 20 பேரளவுக்கு உயர்கிறது. ஆகவே பெரிய கட்டி உள்ளவர்களுக்கான முறை வேறு. புரோலாக்டின் அளவை மாதந்தோறும் பார்த்தால் நிம்மதி கிடைக்கும் என்பதும் சரியாகாது. கட்டியே இல்லாத கர்ப்பிணிக்கும் பிரசவ காலத்துக்குள் அது சுமார் 10 மடங்கு கூடிவிடுகிறது. வீண் பதற்றத்தைத்தான் அந்த எண் தரும்.

மருந்து பாதுகாப்பானது என்றால் தொடரலாமே என்ற கேள்வி இன்னும் வலுவானது. புரோமோகிரிப்டின் உட்கொண்டபோது உண்டான 6,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் பிறவிக் குறைகள் கூடவில்லை; கேபர்கோலின் பற்றிய பதிவுகள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் அவையும் நம்பிக்கை தருபவையே. எனினும் அப்பெண்களில் பெரும்பாலோர் முதல் சில வாரங்களிலேயே மருந்தை நிறுத்தியவர்கள். கர்ப்பம் முழுவதும் உட்கொண்டவர்கள் சிலரே. தவறுதலாகச் சில வாரங்கள் மாத்திரை போட்டுவிட்ட தாய் கலங்க வேண்டாம் என்று சொல்ல அச்சான்று போதும். ஒன்பது மாதமும் தொடரச் சொல்லப் போதாது.

விடாத தலைவலியோ பக்கவாட்டுப் பார்வை மங்கலோ தோன்றினால் காத்திருக்கலாகாது. பார்வைப் புலப் பரிசோதனையும், கடோலினியம் செலுத்தாத எம்.ஆர்.ஐ.யும் உடனே தேவை. கட்டி வளர்ந்திருந்தால் மீண்டும் மாத்திரை தொடங்கினாலே பெரும்பாலும் சுருங்கிவிடும். அறுவை சிகிச்சை அரிதாகவே தேவைப்படும். தாய்ப்பால் கொடுப்பதால் கட்டி வளர்வதில்லை. மாத்திரைதான் பால் சுரப்பை நிறுத்திவிடும். எனவே அறிகுறி இல்லாத தாய், பால் மறக்கடிக்கும் வரை மாத்திரையைத் தள்ளிப்போடலாம். அதன்பின் புரோலாக்டினை அளந்தால், சிலருக்கு அது தானாகவே இயல்புக்குத் திரும்பியிருப்பதும் உண்டு.