முதுகுத்தண்டு ஊசியும் பேறுகாலத்துக்குப் பிந்தைய இடுப்புவலியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

"முதுகுல ஊசி போட்டதுலேர்ந்துதான் இந்த வலி." பிள்ளை பெற்று ஆண்டுகள் ஆன பிறகும் தமிழ்ப் பெண்கள் இப்படிச் சொல்வதைத் தமிழ்நாட்டிலும் கேட்கலாம், தென் அந்தமானின் தமிழ்க் குடும்பங்களிலும் கேட்கலாம். மருத்துவ உலகமும் இதே ஐயத்தோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறது.

முதுகுத்தண்டு வழியே மரத்துப்போகச் செய்யும் முறையை 1898இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் செய்துகாட்டினார். ஆனால், மகப்பேறு இடுப்பெலும்பு மூட்டுகளைத் தளர்த்திவிடுவதால் வரும் வலியைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஸ்னெல்லிங் 1870இலேயே எழுதிவிட்டார். ஊசிக்கு முன்பே வலி இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஊசியின் மீதான ஐயத்துக்கு ஆய்வு வடிவம் தந்தவர் கிறிஸ்டின் மெக்கார்தர். இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிரசவித்த 11,701 பெண்களிடம் அவர் குழு நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. பிரசவ வலி தெரியாதிருக்க எபிடூரல் எனப்படும் முதுகு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 18.9 விழுக்காட்டினருக்கு நீடித்த முதுகுவலி, போடாதவர்களில் 10.5 விழுக்காட்டினருக்கு. பெண்கள் சொன்னது மெய்யாகிவிட்டது போலத் தோன்றியது. ஆனால் அதே ஆய்வில், பிரசவ வலி எடுக்கும் முன்பே திட்டமிட்டுச் சிசேரியன் செய்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. குற்றவாளி ஊசி என்றால் அவர்களுக்கும் வலித்திருக்க வேண்டும். மரத்துப்போன உடல் மணிக்கணக்கில் கோணலாகக் கிடப்பதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

1994இல் பாஸ்டனில் பெண்களைப் பிரசவத்திலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தபோது, இரண்டு மாதத்துக்குள் ஊசி போட்டவர்களில் 44 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 45 விழுக்காட்டினருக்கும் முதுகுவலி இருந்தது. 2002இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, எபிடூரல் பெறுவோர், பெறாதோர் எனக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட பெண்களைச் சராசரியாக 26 மாதங்கள் கழித்து விசாரித்தது. அதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஊசி விடுதலையானது, வலி போகவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் பெருங்குறை இங்கேதான் இருக்கிறது. "ஊசியால் வராது" என்று சொல்லி அனுப்பப்படும் பெண்ணுக்கு, பிறகு எதனால் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை. தளர்ந்த தசைநார்கள், வலுவிழந்த வயிற்றுத் தசைகள், முன்பே இருந்த முதுகுவலி, குனிந்தபடி பால் கொடுத்தல், உடல் தேறும் முன்பே தண்ணீர்க் குடம் தூக்குதல் எனக் காரணங்கள் பல. சிசேரியன் தழும்பு வலி தனி வகை. 2004இல் வெளியான டென்மார்க் ஆய்வில் சுமார் பத்து மாதம் கழித்தும் 12.3 விழுக்காட்டினருக்கு அந்த வலி இருந்தது. தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 2015-16இல் 34.1 விழுக்காடு, 2019-21இல் 44.9 விழுக்காடு என்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல், வயிற்றில் துணிக்கட்டு எல்லாம் இருந்தன. அவற்றின் மருத்துவப் பயன் எதுவானாலும், பிள்ளை பெற்றவளை வேலையிலிருந்து சில வாரம் விலக்கி வைத்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். கூலிக்குப் போனவளுக்கு அதுவும் வாய்க்கவில்லை. தென் அந்தமானின் சிப்பிகாட்டில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வயல்களில் கடல்நீர் நின்றது. அப்படி நிலம் இழந்த குடும்பத்தில் ஓய்வு யாருக்குக் கிடைத்திருக்கும்?

பிள்ளை பெற்றவளுக்கான அரசின் ஏற்பாடும் 42 நாளோடு நிற்கிறது. மருத்துவமனையில் பிரசவித்தவளின் வீட்டுக்கு ஆஷா எனப்படும் சுகாதாரப் பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வருகிறார். அந்த வருகைகளின் முதல் நோக்கம் குழந்தை. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் ஒரு வலி நாள்பட்டது எனப்படும். அதற்குள் தாயின் நலம் கேட்கும் இந்த வருகைகள் முடிந்துவிடுகின்றன. 2023 டிசம்பரில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, ஆண்டுதோறும் குறைந்தது நான்கு கோடிப் பெண்கள் பேறுகாலத்தால் நீடித்த உடல்நலச் சிக்கலுக்கு ஆளாகலாம். கீழ்முதுகுவலி மட்டும் பிரசவித்தவர்களில் 32 விழுக்காட்டினருக்கு.

சிப்பிகாட் பெண்ணை ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்னாள் போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனை வரை அலைய விடாமல், தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தூக்கிவரும் நாளிலேயே "உனக்கு எங்கே வலிக்கிறதம்மா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், உடற்பயிற்சி சொல்லித்தர இயன்முறை மருத்துவர் ஒருவரை அருகிலேயே அமர்த்துங்கள் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.